சிகரெட்டை நிறுத்த நிகோடின் பட்டையையும் சூயிங்கத்தையும் பயன்படுத்தும் முறை

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. ஆளை அடிமையாக்குவது நிகோடின் என்றாலும், நுரையீரலையும் இரத்தக் குழாய்களையும் பெருமளவில் கெடுப்பவை தாரும் கார்பன் மோனாக்சைடும் புகையிலுள்ள பிற நச்சுகளுமே. ஆகவே புகையை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, நிகோடினை மட்டும் சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பதே இம்முறையின் அடிப்படை.

முதலில், அடுத்த இரண்டு வாரங்களுக்குள் புகையை நிறுத்த ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் குறைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். நாளுக்கு ஒரே சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி உண்டு.

அடுத்து, அளவைத் தீர்மானியுங்கள். நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர்கள் வழக்கமாக 21 மி.கி. பட்டையில் (தோலில் ஒட்டி நிகோடினைச் செலுத்தும் ஒட்டுப்பட்டை) தொடங்கி, ஆறு வாரங்களுக்குப் பின் 14 மி.கி.க்கும், மேலும் இரண்டு வாரங்கள் கழித்து 7 மி.கி.க்கும் இறங்குவார்கள். எழுந்த 30 நிமிடங்களுக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. சூயிங்கமும், மற்றவர்களுக்கு 2 மி.கி. சூயிங்கமும் ஏற்றவை. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பட்டையைக் காலையில், முடியில்லாத உலர்ந்த தோலில், நாள்தோறும் இடம் மாற்றி ஒட்டுங்கள். தூக்கம் கெட்டால் படுக்கும்முன் எடுத்துவிடலாம்.

சூயிங்கத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மிட்டாயைப் போல விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும் வருமே தவிர, புகைக்கும் வேட்கை தணியாது. காரச்சுவையோ வாயில் சுறுசுறுவென்ற உணர்வோ தோன்றும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வையுங்கள். அந்த உணர்வு அடங்கியதும் மீண்டும் மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம் செய்ய வேண்டும். காப்பியும் பழச்சாறும் நிகோடின் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், சூயிங்கத்தை மெல்வதற்கு 15 நிமிடங்கள் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்கவும்.

பட்டை நாள் முழுவதும் சீராக நிகோடினைத் தருகிறது; திடீரென எழும் வேட்கையைச் சூயிங்கம் சமாளிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் நம்புவதைவிடப் பலனளிக்கும் என்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. எரிச்சலும் கவனச்சிதறலும் முதல் வாரத்தில் உச்சத்தை எட்டும். பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் தணியும்.

இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டாலும் பட்டையை நிறுத்தாமல் தொடருங்கள். இவை போதாவிட்டால், வரெனிக்லின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகிய மாத்திரைகளை உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் பரிந்துரைத்துள்ளது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது என்பதால், எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.