வசந்தம் வந்ததும் பூந்தோட்டத்தில் அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

குளிர் விலகி முதல் முறையாக நல்ல வெயில் அடிக்கிற அன்றைக்கே மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கத் தோன்றும். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வசந்த காலத்தில் பூச்செடிகளுக்கு நாம் செய்யும் கெடுதல்களில் பாதி அந்த முதல் வாரத்து அவசரத்தில் நடப்பவைதான்.

முதலில் மண்ணைப் பாருங்கள். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் ஈரம் தங்கியிருக்கும். ஈர மண்ணைக் கொத்தினாலும் மிதித்தாலும் உள்ளே காற்றும் நீரும் போகும் இடைவெளிகள் அடைபட்டுப்போகும். காய்ந்த பிறகு வேர் நுழைய முடியாத அளவுக்கு இறுகிவிடும். களிமண்ணாக இருந்தால் இன்னும் மோசம். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து விரலால் அழுத்திப் பாருங்கள். பொலபொலவென உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். பிசைந்த மாவு போல அமுங்கினால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் பாத்தியில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள்.

போன வருடத்துக் காய்ந்த தண்டுகளையும் சருகுகளையும் ஒரே நாளில் வாரிக் கொட்டிவிடாதீர்கள். துளையுள்ள தண்டுகளுக்குள் சில வகைத் தேனீக்களும், சருகுக்கு அடியில் பொறிவண்டுகளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று செடியைக் காக்கும் பொறிவண்டை நாமே குப்பையில் போடுவது என்ன நியாயம்? பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வரை விட்டுவைக்கலாம். பிறகு வெட்டும்போதும் 30 சென்டிமீட்டர் அளவுக்கு அடித்தண்டை நிறுத்தினால் புதிய தேனீக்கள் அதில் கூடு வைக்கும்.

கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்தில்தான் மனம் நோகிற தவறுகள் நடக்கின்றன. பெரிய இலை ஹைட்ரேஞ்சியா ஒன்றை வசந்தத் தொடக்கத்தில் 'புதுசாகத் தழைக்கட்டும்' என்று அடியோடு வெட்டினேன். செடி நன்றாகத் தழைத்தது. ஆனால் அந்த வருடம் ஒரு பூ கூட வரவில்லை. அதன் மொட்டுகள் முந்தைய கோடையின் கடைசியிலேயே பழைய கிளைகளில் உருவாகியிருந்தன. எல்லாவற்றையும் நானே வெட்டி எறிந்திருந்தேன். லைலாக், ஃபோர்சித்தியா போல வசந்தத்தில் பூக்கும் புதர்ச்செடிகளுக்கும் இதே கணக்குதான். அவை பூத்து முடிந்த கையோடு வெட்டினால், அடுத்த வருட மொட்டுக்குத் தேவையான கிளைகள் வளர நேரம் கிடைக்கும். இதற்கு மாறாக, கோடையில் திரும்பத் திரும்பப் பூக்கும் ரோஜா வகைகள் புதுக் கிளையில் பூப்பவை. அவற்றை, கிளையில் புதுத் தளிர் விடும் மொட்டுகள் பருக்கத் தொடங்கும்போது, வெளிப்பக்கம் பார்த்த ஒரு மொட்டுக்குச் சற்று மேலே வெட்டலாம். என்ன செடி என்றே தெரியவில்லையா? ஒரு வருடம் கத்தரியைத் தொடாமல், அது எந்தக் கிளையில் எப்போது பூக்கிறது என்று பாருங்கள்.

டூலிப், டாஃபடில் பூக்கள் உதிர்ந்ததும் இலைகள் அலங்கோலமாகச் சாயும். சுத்தமாக இருக்கட்டும் என்று பலர் அவற்றை அறுத்துவிடுகிறார்கள், அல்லது முடிச்சுப் போடுகிறார்கள். அடுத்த வருடப் பூவுக்கான உணவை அந்தப் பச்சை இலைகள்தான் கிழங்கில் சேர்த்து வைக்கின்றன. காய்ந்த பூத்தலையை மட்டும் கிள்ளிவிட்டு, இலைகள் தாமாக மஞ்சளாகும் வரை விடுங்கள். ஆறு வாரமாவது ஆகும்.

வீட்டுக்குள் வளர்த்த நாற்றுகளை நேராக வெளியே நடுவதும் பெரிய தவறு. கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலைக்கு நேர் வெயிலும் காற்றும் பழக்கமில்லை. ஒரே நாளில் வெளுத்துத் துவண்டுவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் என்று ஒன்றிரண்டு வாரம் பழக்குங்கள். ஜினியா, துலுக்கச் சாமந்தி போன்றவை ஒரு இரவு உறைபனியிலேயே கருகிவிடும். உங்கள் பகுதியில் கடைசி உறைபனி வழக்கமாக எப்போது முடியும் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகே நடுங்கள். பான்சி குளிரைத் தாங்கும். முன்கூட்டி நட ஆசையென்றால் அதை நடலாம்.

உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் இலைதான் கொழிக்கும், பூ குறையும். அந்த இளந்தளிரைத் தேடி அசுவினியும் வரும். நன்கு மக்கிய உரத்தைக் கொஞ்சமாகப் பரப்பினாலே பெரும்பாலான பூச்செடிகளுக்குப் போதும். மண்ணை மூடச் சருகு, வைக்கோல் போலப் பரப்பும் மூடாக்கையும் மண் சூடேறிய பிறகே போடுங்கள்; முன்பே போட்டால் குளிர் உள்ளேயே தங்கிவிடும். 5 முதல் 7 சென்டிமீட்டர் கனம் சரியாக இருக்கும். தண்டைச் சுற்றி மட்டும் நான்கு விரல் இடம் விட்டுப் போடுங்கள், ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகிவிடும்.