மூன்றாவது பேரிங் போனபோது

கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஆலையில் பராமரிப்புப் பிரிவுக்கு நான் பொறுப்பேற்ற புதிது. தண்ணீர் பம்ப் ஒன்றில் ஆறு மாதத்துக்குள் மூன்றாவது தடவையாக பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) போய்விட்டது. பம்பும் அதை ஓட்டும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று அலைன்மென்ட் பார்த்த இளம் பொறியாளரை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் வாயே திறப்பதில்லை. பேரிங்கைவிட அதுதான் பெரிய பழுது என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

நான் பயிற்சியில் இருந்தபோது எங்கள் ஃபோர்மேன் ஒருநாளும் கத்தியதில்லை. கருவியைக் கையில் கொடுத்து, "நீயே பாரு தம்பி" என்று பக்கத்தில் நிற்பார். சரி, அதையே செய்யலாம் என்று முடிவெடுத்தேன். திட்டிய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை அவரிடம் கொடுத்தேன்.

மோட்டாரின் நான்கு கால் போல்ட்டுகளையும் முறுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். மூன்று கால்களில் முள் அசையவே இல்லை. நான்காவதில் 0.20 மி.மீ. ஏறியது. 0.05 தாண்டினாலே சரிசெய்ய வேண்டும்.

"சார், இந்தக் கால் சரியா உட்காரவே இல்ல. போல்ட்டை முறுக்கினா மோட்டார் உடம்பே வளையுது, அதான் பேரிங் போகுது. போன தடவையே சந்தேகமா இருந்துச்சு, சொல்லப் பயமா இருந்துச்சு."

அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

காலுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து மறுபடி அலைன்மென்ட் எடுத்தோம், அதிர்வு அடங்கியது. மேலாளருக்குப் போன அறிக்கையில், காரணத்தைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரையும் தாமதத்துக்குப் பொறுப்பு என்று என் பெயரையும் எழுதினேன். இப்போது புதிதாக வருபவர்களுக்கு அந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுப்பது அவர்தான்.