பழைய இடாப்பைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபுல்ஸ்கேப் தாளின் நீளம் ஏறத்தாழ 330 மில்லிமீற்றர். ஏ4 ஸ்கேனரின் கண்ணாடி 297. பழைய இடாப்பொன்றை அந்தக் கண்ணாடியில் கவிழ்த்தால் 33 மில்லிமீற்றர் வெளியே நிற்கும். 8 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு போட்ட பக்கத்தில் அது நான்கு வரி. ஆயிரம் பக்கம் முடித்து, இடாப்புகளைக் கட்டி மறுபடி இறாக்கையில் ஏற்றிய பிறகுதான் ஒவ்வொரு பக்கத்திலும் அடி நான்கு பேரைக் காணவில்லை என்பது தெரியவரும்.

திருகோணமலையில் இப்படியான இடாப்புகளுக்குக் குறைவில்லை. கூட்டுறவுச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், மரண உதவிச் சங்கம், பாடசாலை, கோயில், பள்ளிவாசல் என்று எங்கே போனாலும் ஒரு அலுமாரி நிறைய இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் ஸ்கேனரின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். முதலில் எடுக்கவேண்டியவை ஓர் அளவுகோலும் 2பி பென்சிலும்.

அளவுகோல், தாளின் நீளம் பார்க்க. பென்சில், பக்க இலக்கம் போட. அச்சிட்ட பக்க இலக்கத்தை நம்பவேண்டாம். இடாப்பைப் பிரித்துத் திரும்பக் கட்டும்போது இரண்டு 45ஆம் பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு பக்கத்தின் மேல்மூலையிலும் புதிதாக இலக்கமிட்டு, படக் கோப்புக்கும் அதே பெயரை வையுங்கள்: ஏழாவது இடாப்பின் 123ஆம் பக்கம் என்றால் 07-0123. முன்னால் பூச்சியம் இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் 10ஐ 2க்கு முன்னால் அடுக்கும். தரவுத்தளத்திலும் ஒவ்வொரு பதிவோடும் இடாப்பு, பக்கம், வரி என்று மூன்று நிரல்கள் இருக்கவேண்டும். ஒரு பெயரில் சந்தேகம் வந்தால் அரை நிமிடத்தில் அந்தத் தாளைக் கண்முன் கொண்டுவர முடியாவிட்டால், ஏற்றியதில் எது சரி, எது பிழை என்று பிறகு எவராலும் சொல்லமுடியாது. கீழே சொல்லும் தவறுகளில் பலதையும் பிறகு திருத்தலாம். இந்தத் தொடர்பு அறுந்தால் திருத்தமுடியாது.

ஸ்கேனரில் நடக்கும் பிழைகள்

மாரி மழைக் காலத்தில், அதாவது ஐப்பசி தொடங்கித் தை வரை, இங்கே தாள் ஈரம் குடித்திருக்கும். ஈரத் தாள் ஒன்றோடொன்று ஒட்டி, தானாக இழுக்கும் தட்டில் இரண்டிரண்டாகப் போகும். கட்டை விரித்து, மின்விசிறி ஓடும் உலர்ந்த அறையில் ஓரிரு நாள் வைத்துவிட்டு எடுங்கள். வெயிலில் காயப்போடுவதும் இஸ்திரிக்கைப்பெட்டி வைப்பதும் தாளை நொறுக்கும். சுனாமித் தண்ணீரில் நனைந்து உலர்ந்த கோவைகளையும் இராமபாணம் அரித்த தாள்களையும் இழுக்கும் தட்டில் வைக்கவே கூடாது. அவை கண்ணாடியில் ஒவ்வொன்றாகத்தான். ஒவ்வொரு கட்டுக்கும் தாள்களை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். 40 தாளை இருபக்கமும் எடுத்தால் 80 படம் வரவேண்டும். 78 வந்தால் அந்தக் கட்டை அப்போதே திரும்ப எடுக்கவேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொல்லை வேறு. தாள் ஓடும் ஒடுங்கிய கண்ணாடிப் பட்டியில் ஒரு தூசி உட்கார்ந்தால் அதன்பின் எடுக்கும் எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு விழும். அது தொகை நிரலின் மேல் விழுந்தால் கணினி அதை 1 என்று வாசிக்கும். 200 பக்கத்துக்கு ஒருமுறை ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட மென்துணியால் அந்தப் பட்டியைத் துடைத்தால் போதும்.

அடுத்தது, கோப்பு சிறிதாகட்டும் என்று ‘கறுப்பு-வெள்ளை’ முறையைத் தெரிவது. மங்கிய நீல மையும் பென்சில் குறிப்பும் அதில் காணாமல் போய்விடும். சாதாரண அச்சுக்கும் கையெழுத்துக்கும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சாம்பல் நிறம். மிகச் சிறிய எழுத்துக்கு 400. சிவப்பு மைத் திருத்தங்களும் முத்திரைகளும் பொருளுடையவை என்றால் வர்ணம். சுருக்காத நிலையில் ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐயில் சாம்பல் நிறத்தில் சுமார் 8.7 எம்பி, வர்ணத்தில் 26 எம்பி. 5000 பக்கம் வர்ணத்தில் 130 ஜிபி. இன்றைய டிஸ்க் விலைக்கு அது பெரிய சுமையில்லை. தாளை இரண்டாம் முறை எடுப்பதுதான் சுமை. மூலப்படத்தை டிஃப் வடிவில், தரம் குறையாத சுருக்கத்தில் வையுங்கள். ‘வெற்றுப் பக்கத்தை நீக்கு’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒற்றை வரியை அது வெற்று என்றே எண்ணும். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்பு மட்டையை வைத்தால் அடங்கும்.

சுருக்கம் என்பது தோற்றத்தை மட்டும் கெடுக்கும் விடயமில்லை. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், சில செரொக்ஸ் இயந்திரங்கள் எடுத்த பிரதிகளில் 6 என்ற எண் 8 ஆக மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒத்த உருவங்களை ஒன்றாக எண்ணி இடத்தை மிச்சம்பிடிக்கும் ஜேபிக்2 என்ற சுருக்கமுறைதான் காரணம். மங்கலான எண்ணைக் கண்டால் சந்தேகிப்போம். அங்கே பிழையான எண் பளிச்சென்று தெரிந்தது. அதேபோல, எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஆவணக் கோப்பாக அனுப்புங்கள்.

கணினி வாசிப்பதை எவ்வளவு நம்பலாம்

எழுத்துணரி மென்பொருள் 98 வீதம் சரியாக வாசித்தது என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஒரு பதிவில் 60 எழுத்துகள் என்று வையுங்கள். ஒரு பிழையும் இல்லாத பதிவு நூற்றில் 30தான் மிஞ்சும். மற்ற 70இலும் குறைந்தது ஒரு பிழை. 99.5 வீதம் என்றாலும் நூற்றில் 26 பதிவு பழுது. ஆகவே ‘எத்தனை வீதம்’ என்று கேட்காமல் ‘எத்தனை பதிவு முழுதும் சரி’ என்று கேளுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் டெசரக்ட் மென்பொருளில் தமிழும் சிங்களமும் உண்டு. ஆனால் அது அச்செழுத்துக்கானது; கையெழுத்து இடாப்பை அதில் போட்டு நாள் கடத்தவேண்டாம். அச்சிலும் தமிழுக்கென்று சில பொறிகள் இருக்கின்றன. தட்டச்சின் சிறு புள்ளி பதியாவிட்டால் ‘க்’ என்பது ‘க’ ஆகும். தூசி விழுந்தால் ‘க’ என்பது ‘க்’ ஆகும். எ-ஏ, ஒ-ஓ, ொ-ோ மாறும். பழைய அச்சில் துதிக்கை போட்ட ணை, லை, ளை, னையும் சுழித்து எழுதிய ணா, றா, னாவும் இன்றைய எழுத்தில் பயிற்றிய மென்பொருளுக்குப் பிடிபடாது. மூன்று மொழித் தாளையும் கலந்து ஒரே தடவையில் வாசிக்கவிடுவதும் பிழையைக் கூட்டும். கந்தளாய், சேருவில, மொறவெவப் பக்கத்துச் சிங்களத் தாள்களை முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு இன்றைக்கும் நம்பிக்கையான வழி இரட்டைப் பதிவு: இரண்டு பேர் ஒருவரையொருவர் பாராமல் தட்டச்சிட, கணினி இரண்டையும் ஒப்பிட்டு வேறுபட்ட இடங்களைக் காட்டும், மூன்றாமவர் படத்தைப் பார்த்துத் தீர்ப்பார். நேரம் இரட்டிப்பாகும் என்று தயங்குவார்கள். நியாயம்தான், ஆனால் எல்லா நிரலுக்கும் வேண்டியதில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை மூன்றுக்கும் செய்தாலே பெரும்பகுதி தீரும்.

ஒரே சொல், இரண்டு சொல்லாக

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பட்டியலை அப்படியே ஒட்டுவது நம் பக்கத்தில் அதிகம் நடக்கிறது. பாமினி எழுத்து திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். தரவுத்தளத்தில் அதைத் தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு மாற்றிய பின்பே ஏற்றவேண்டும். யூனிகோடிலும் ‘ொ’ ஒரே குறியாகவும் வரலாம், ‘ெ’யும் ‘ா’வும் சேர்ந்து இரண்டு குறியாகவும் வரலாம். ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். ‘ௌ’க்குப் பதில் ‘ெ’யும் ‘ள’வும் தட்டியவர்கள் ஏராளம். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் பாதிதான் அகப்படும். முதலாவதை என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தல் சரிசெய்யும். மற்ற இரண்டுக்கும் நீங்களே மாற்று விதி எழுதவேண்டும்.

எக்செல் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: 026இல் தொடங்கும் தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியத்தை அது விழுங்கிவிடும். 12.03.28 என்று பிறந்த திகதி இருந்து, அதைத் திகதியாக ஏற்றுக்கொண்டால், 1928இல் பிறந்தவர் 2028இல் பிறக்கப்போகிறவர் ஆவார். ஈரிலக்க ஆண்டு 00 முதல் 29 வரை இருந்தால் அதை 2000இலிருந்து 2029க்குள் என்றே எடுக்கும். 1900க்கு முந்திய திகதியை அது திகதியாகவே மதிக்காது. இந்த நிரல்களைத் தட்டச்சிடத் தொடங்குமுன் ‘எழுத்து’ வகையாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

தாளில் இருப்பதும் பொருளில் இருப்பதும்

இடாப்பு எழுதியவர்கள் மேலே உள்ள ஊரையே கீழும் குறிக்க ‘மேற்படி’ என்றோ ௸ என்றோ இரட்டைக் கீறல் என்றோ போட்டிருப்பார்கள். அதை அப்படியே ஏற்றிவிட்டு அகரவரிசைப்படுத்தினால் மூதூர்க்காரர் கிண்ணியாவுக்கும் நிலாவெளிக்காரர் தம்பலகாமத்துக்கும் குடிபோய்விடுவார்கள். ஏற்றும்போதே உரிய சொல்லால் நிரப்புங்கள்.

பக்க அடியின் மொத்தத் தொகையும் அடுத்த பக்கத் தலையில் அதையே கொண்டுவந்து எழுதும் ‘கொ/வ’ வரியும் உறுப்பினர்கள் அல்ல. அவற்றைப் பதிவாக ஏற்றினால் சங்கத்தின் பணம் பல மடங்காகிவிடும். ஆனால் எறியவும் வேண்டாம், தனி அட்டவணையில் வையுங்கள். ஏற்றிய பதிவுகளைக் கூட்டி அந்த மொத்தத்தோடு ஒப்பிடுவதைவிடச் சுருக்கமான பரிசோதனை இல்லை. கூட்டிய பழைய கணக்கரே பிழைவிட்டிருந்தால் திருத்தாமல் குறிப்பெழுதுங்கள்.

அடையாள அட்டை இலக்கமும் அதுபோல ஒரு பரிசோதனைக் கருவி. பழைய இலக்கத்தில் 9 எண்களும் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் வழங்கப்படுவதில் 12 எண்கள். பழையதில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். 574 என்றால் பெண், 74ஆவது நாள், மார்ச் 14. பிறந்த திகதி நிரலில் வேறு திகதி இருந்தால் இரண்டில் ஒன்று பிழை. பழையதைப் புதியதோடு பொருத்த, முன்னால் 19ஐயும் பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியத்தையும் சேர்த்து எழுத்தை நீக்கவேண்டும்.

ஊர்ப்பெயரில் அவசரம் வேண்டாம். திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை மூன்றையும் ஒன்றாக்கலாம். ‘கொட்டியாரப்பற்று’ என்று இருப்பதை இன்றைய பிரதேச செயலகப் பிரிவாக மாற்றமுடியாது. அது மூதூராகவும் இருக்கலாம், சேருவிலவாகவும் இருக்கலாம், வெருகலாகவும் இருக்கலாம். தாளில் உள்ளபடி ஒரு நிரல், தரப்படுத்தியது இன்னொரு நிரல் என்று வைத்து, இரண்டாவதைத் தெரியாதபோது வெறுமையாக விடுங்கள். கோயில் கணக்கில் ‘விகிருதி வருடம்’ என்று மட்டும் இருந்தாலும் அப்படியே. அது 1950இலும் தொடங்கியது, 2010இலும் தொடங்கியது. வெறுமை, பூச்சியம், வாசிக்க முடியவில்லை ஆகிய மூன்றும் மூன்று வேறு செய்திகள், மூன்றுக்கும் தனித்தனிக் குறி வேண்டும்.

முகம்மது, முஹம்மது, மொஹமட் என்பவற்றைக் கணினி தானாக ஒருவராக்க விடவேண்டாம். தந்தையும் மகனும் ஒரே தலைப்பெழுத்தோடு இருக்கும் வீடுகளும் உண்டு.

உறுப்பினர் விபரம் உள்ள பக்கங்களை இணையத்தின் இலவச வாசிப்புத் தளங்களில் ஏற்றுவது பிறர் தகவலைத் தெருவில் வைப்பதற்குச் சமம்; 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. மூல இடாப்பை எரிக்கவோ பழைய கடதாசிக்கு விற்கவோ வேண்டாம். படங்களும் தரவும் மூன்று பிரதி, அதில் ஒன்று கடலைவிட்டுத் தள்ளி, கந்தளாய்ப் பக்கத்திலாவது இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தூரத்துப் பிரதியைத் திறந்து, ஏதாவது ஒரு பதிவை எடுத்து, அதன் படத்தைக் கண்டு, இறாக்கையில் அந்தப் பக்கத்தை விரித்து மூன்றையும் ஒப்பிடுங்கள்.