பழைய காரில் ஸ்பீக்கர் பாடவில்லையா? புதிது வாங்கும் முன் இப்படிச் சோதித்துப் பாருங்கள்

வயதான காரில் ஒரு பக்கத்து ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டால், உடனே புதியது வாங்கி மாட்டத்தான் பலருக்கும் தோன்றும். மாட்டிய பிறகும் சத்தம் வராமல் போவதுண்டு. பழைய ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்திருக்கும். வழியில் எங்கோ ஒரு வயர் அறுந்திருக்கும். பழுது ஸ்டீரியோவிலா, வயரிலா, ஸ்பீக்கரிலா என்பதை முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தேவையானவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் (விலை குறைந்ததே போதும்), ஸ்க்ரூடிரைவர்கள், டோர் பேனலை நெம்பப் பிளாஸ்டிக் பட்டை, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டு துண்டு வயர், இன்சுலேஷன் டேப்.

படி 1: எதையும் கழற்றாமல் கேளுங்கள்

குரல் தெளிவாக உள்ள ஒரு பாட்டை நடுத்தரமான ஒலியில் வையுங்கள். பேலன்ஸை முழுக்க இடப்பக்கம், அப்புறம் முழுக்க வலப்பக்கம் தள்ளுங்கள். ஃபேடரையும் அதேபோல முன்னும் பின்னும். இப்படி நான்கு மூலைகளையும் தனித்தனியாகக் கேட்க முடியும். எது ஊமை, எது கரகரக்கிறது, எது விட்டுவிட்டு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திருகும் வகைக் குமிழ் உள்ள பழைய ஸ்டீரியோவாக இருந்து, குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், அதன் உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கிறது. இரு முனைக்கும் பலமுறை திருப்பினாலே ஓரளவு சரியாகிவிடும்.

நான்கும் ஒன்றாக ஊமை என்றால் ஸ்பீக்கர்களைச் சந்தேகிக்க வேண்டாம். நான்கும் ஒரே நாளில் கெட்டுப்போவது அரிது. ஃபியூஸைப் பாருங்கள். சில கார்களில் சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ஸ்பீக்கர் வயர் காரின் உடம்பில் உரசினாலும், பல ஸ்டீரியோக்கள் தற்காப்புக்காக எல்லா ஒலியையும் நிறுத்திவிடும்.

பாட்டு ஓடும்போதே, ஊமையான பக்கத்துக் கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். கதவுக்கும் காருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைப் பிடித்து அசையுங்கள். ஒரு நொடி சத்தம் வந்து போனால் பழுது கிட்டத்தட்ட அகப்பட்டுவிட்டது: நேரே படி 3க்குப் போகலாம்.

இன்ஜின் வேகம் கூடக்கூட ஒரு ஊளைச் சத்தமும் ஏறுகிறதா? அது ஸ்பீக்கர் பழுது அல்ல. ஸ்டீரியோ அல்லது ஆம்ப்ளிஃபயரின் எர்த் இணைப்பைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி மாட்டிப் பாருங்கள்.

படி 2: ஸ்டீரியோவின் பின்பக்கம் அளவெடுங்கள்

பலர் நேரே கதவைப் பிரிப்பார்கள். நான் ஸ்டீரியோவிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். நான்கு ஸ்பீக்கர்களின் வயர்களும் அங்கே ஒரே கனெக்டரில் கிடைக்கும். கதவு ஒவ்வொன்றையும் பிரிக்கும் பாடு மிச்சம்.

கழற்றும் முன் இரண்டு எச்சரிக்கைகள். கம்பெனி பொருத்திய பழைய ஸ்டீரியோக்கள் சில, மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் ரகசிய எண் கேட்கும். அந்த எண் காரின் கையேட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அடுத்து, மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. அவற்றை மல்டிமீட்டரால் தொடவே கூடாது.

சாவியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோ ஃபியூஸையும் எடுத்துவிட்டு, பின்பக்கக் கனெக்டரைக் கழற்றுங்கள். கம்பெனி வயரின் நிறங்கள் காருக்குக் கார் மாறும். பின்னால் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் வெள்ளை ஜோடி முன் இடம், சாம்பல் முன் வலம், பச்சை பின் இடம், ஊதா பின் வலம். கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

மல்டிமீட்டரை ஓமில் (மின்தடையை அளக்கும் நிலையில்) வைத்து, அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கழித்துத்தான் மற்றதைப் படிக்க வேண்டும். இப்போது கார் பக்கம் போகும் ஒவ்வொரு ஜோடியையும் அளந்து பாருங்கள்.

4 ஓம் ஸ்பீக்கர் என்றால் சுமார் 3 முதல் 4 ஓம் காட்டும். சரியாக 4 வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். 4 என்பது பாட்டு ஓடும்போது உள்ள மின்தடையின் கணக்கு, மல்டிமீட்டர் காட்டுவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எண்ணே வராமல் ‘ஓஎல்’ என்றோ 1 என்றோ நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். அடுத்து, ஒவ்வொரு வயருக்கும் காரின் இரும்பு உடம்புக்கும் இடையில் அளந்து பாருங்கள். அங்கே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் வயர் உரசிக் காயம்பட்டிருக்கிறது. நடுவில் தனி ஆம்ப்ளிஃபயர் உள்ள கார்களில் இந்தச் சோதனையை ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களில் செய்யுங்கள்.

எல்லா ஜோடியும் ஒழுங்காக அளவு காட்டுகின்றனவா? அப்போது சந்தேகம் ஸ்டீரியோ மேல். ஊமை ஸ்பீக்கரின் ஜோடியை, நன்றாகப் பாடும் பக்கத்தின் வெளியீட்டில் தற்காலிகமாக இணைத்து, ஃபியூஸை மாட்டிப் போட்டுப் பாருங்கள். பாடினால் ஸ்டீரியோவின் அந்த ஒரு வெளியீடுதான் கெட்டிருக்கிறது. உள்ளே ஈயம் வைத்த இடம் விரிசல் விட்டிருக்கலாம், ஐசி (உள்ளே உள்ள சில்லு) போயிருக்கலாம். தொடக்கநிலையில் அதைத் திறந்து பார்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: மைனஸ்தானே என்று ஸ்பீக்கரின் மைனஸ் வயரைக் காரின் உடம்பில் இணைப்பது. இன்றைய ஸ்டீரியோக்களில் இரண்டு வயரிலுமே பேட்டரி வோல்ட்டேஜில் பாதியளவு நிற்கும். உடம்பில் பட்டால் வெளியீட்டு ஐசி போய்விடக்கூடும். 1970களின் கார்கள் பலவற்றில் ஸ்பீக்கர்களின் மைனஸ் எல்லாம் ஒன்றாகவே இணைந்திருக்கும். அந்த வயரிங்கில் புதிய ஸ்டீரியோவை மாட்டாதீர்கள், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஜோடி வயர் இழுத்துவிடுங்கள்.

படி 3: கதவு மடிப்பு

பழைய வண்டியில் நான் முதலில் சந்தேகிக்கும் இடம் இதுதான். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ரப்பர் குழாய்க்குள் வயர் வளைகிறது. பல வருடம் வளைந்தபின் உள்ளே செம்பு அறுந்துவிடும். மேலுறை முழுசாகவே தெரியும். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். ஸ்டீரியோ முனையில் ஒன்று, ஸ்பீக்கர் முனையில் ஒன்று என்று தொட்டு, ஒவ்வொரு வயரையும் தனியாகச் சோதியுங்கள் (ஸ்டீரியோ கனெக்டரைக் கழற்றும் முறையும் எச்சரிக்கைகளும் படி 2இல், டோர் பேனலைக் கழற்றும் முறை படி 4இல்). மல்டிமீட்டரின் வயர் எட்டாவிட்டால் ஒரு நீள வயரால் கூட்டிக்கொள்ளுங்கள். ரப்பரை அசைக்கும்போது அளவு தாவினால் அங்கேதான் பழுது.

அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்து ஒட்டினால் அந்த ஒட்டு விறைத்துப்போய், அதன் ஓரத்தில் மறுபடி அறுந்துவிடும். கதவுக்குள் ஓர் ஒட்டு, காருக்குள் ஓர் ஒட்டு என்று வைத்து, வளையும் பகுதி முழுக்க ஒட்டில்லாத புது வயராக மாற்றுவதே நீடிக்கும்.

படி 4: ஸ்பீக்கரைச் சோதியுங்கள்

டோர் பேனலின் ஸ்க்ரூக்கள் கைப்பிடிக்குப் பின்னும் சிறு மூடிகளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகே கிளிப்புகளை நெம்புங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள். ஜன்னல் வழி இறங்கும் மழைநீரைத் தடுப்பது அதுதான், திரும்ப ஒட்டியே ஆக வேண்டும்.

ஸ்பீக்கர் முனைகளில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டிப் பாருங்கள். பல நேரம் வேலை அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். ‘டப்’ என்று கோன் (ஸ்பீக்கரின் முகப்பில் அசையும் கூம்பு) அசைந்தால் உயிர் இருக்கிறது. பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கோன் வெளியே தள்ளும். கூர்மையான ஒலிக்கான சின்ன ட்வீட்டரில் மட்டும் இந்தச் சோதனையும் ஓம் அளவும் ஏமாற்றலாம். வழியில் ஒரு கபாசிட்டர் இருந்தால் நல்ல ட்வீட்டரும் அறுந்ததுபோலத்தான் காட்டும்.

கரகரப்புக்கு, கோனை இரு பக்கமும் விரல்களால் சமமாக மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசல் கேட்டால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) இடம் மாறிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். ஓரத்து ஃபோம் மட்டும் பொடிந்திருந்தால் புது வளையம் ஒட்டிக் காப்பாற்றலாம்.

படி 5: புதிது மாட்டுவதானால்

விட்டம், ஆழம், ஓம் மூன்றும் பொருந்த வேண்டும். ஆழம் கூடினால் இறங்கும் கண்ணாடி காந்தத்தில் முட்டும். 4 ஓம் கேட்கும் ஸ்டீரியோவில் 2 ஓம் மாட்டினால் சூடாகி நின்றுவிடும். முனைகளில் அகலமானது பெரும்பாலும் பிளஸ். மாற்றி மாட்டினாலும் பாடும், ஆனால் இரு பக்கமும் சேர்ந்து ஒலிக்கும்போது பேஸ் (கனத்த அடி ஒலி) காணாமல் போகும். பேலன்ஸை ஒரு பக்கம் தள்ளினால் திரும்பி வரும். அப்படி இருந்தால் ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

பேனலை மூடும் முன் ஃபியூஸை மாட்டிப் பாட்டு போட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றி, கதவைச் சில முறை திறந்து மூடிப் பாருங்கள். அப்புறம் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, கிளிப்புகளை அழுத்துங்கள். உடைந்த கிளிப்பை மாற்றாமல் விட்டால் பேனல் அதிர்ந்து, புது ஸ்பீக்கரே கரகரப்பதுபோலக் கேட்கும்.