நடு இரவு விழிப்பு எப்படி நின்றது: என் அனுபவம்

மூன்று மாதமாக நடு இரவில் நெஞ்சு படபடக்க எழும்பிக்கொண்டிருந்தேன். இதயக் கோளாறு என்று நினைத்து ஈசிஜி எடுத்தேன், சரியாக இருந்தது. நித்திரைக் குளிசை போட்டால் தூக்கம் வரும், விட்டால் பழையபடி. கோணேசர் கோயில் அர்ச்சனை, கையில் நூல், தேத்தண்ணி நிறுத்தம் எல்லாம் பார்த்தாயிற்று.

கடைசியாகத் திருகோணமலை நகரில் ஓர் உளவளத்துணையாளரிடம் போனேன். 2004 டிசம்பர் 26 நிலாவெளியில் சுனாமி அலைக்குள் அகப்பட்டவன் நான். "ஆனால் மிஸ், கடலுக்குப் பயமில்லை, தினமும் குளிக்கிறேன்" என்றேன். "சரி தம்பி, எழும்பேக்க என்ன சத்தம் கேக்குது எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ" என்றார்.

அங்கேதான் பிடிபட்டது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழியும் இரவுகளில் மட்டும் எழும்பியிருக்கிறேன். சுனாமி அன்று நான் முதலில் கேட்டது கடல் இரைச்சல் அல்ல. கதவிடுக்கால் தண்ணீர் ஊற்றிய சத்தம்.

அப்புறம் அவரிடம் வாரம் ஒருமுறை, 90 நிமிடம். கண்ணை மூடி, அந்தக் காலையை இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். நான் எப்போதும் கதவிலிருந்து கூரைக்குத் தாவிவிடுவேன். நடுவில்தான் தங்கச்சியின் கை நழுவியது. "அந்த இடத்தில நில்லுங்கோ" என்றார். ஃபோனில் பதிந்து வீட்டிலும் தினமும் கேட்டேன். முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடியது, அப்போது நிறுத்திவிடாதீர்கள். ஆறாம் வாரம், அவளைப் பிடித்திருந்த என் கை வெறும் பன்னிரண்டு வயதுப் பையனின் கை என்பது உறைத்தது. அன்று நிறைய அழுதேன்.

போன வாரமும் தாங்கி வழிந்ததாம். காலையில் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும்.