இரும்புவகை மீக்கடத்தியில் ஆற்றல் இடைவெளியை அளப்பது எப்படி?

2008-இல் டோக்கியோவில் ஹிடியோ ஹோசோனோவின் குழு, இரும்பு கலந்த ஒரு சேர்மம் 26 கெல்வினில் மீக்கடத்தியாவதை, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துவதைக் காட்டியது. காந்தத்தன்மைக்குப் பேர்போன இரும்பு மீக்கடத்தலுக்கு ஆகாது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். அதனால் இந்தப் பொருட்களில் எலக்ட்ரான்கள் எப்படி ஜோடி சேர்கின்றன என்பதே பெரிய கேள்வி. ஜோடியை உடைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை, அதாவது ஆற்றல் இடைவெளியை, நேரடியாகக் காட்டுவது டன்னலிங் நிறமாலை: ஊசிக்கும் மாதிரிக்கும் இடையே தாவும் எலக்ட்ரான்களின் மின்னோட்டத்தை மின்னழுத்தத்தை மாற்றி அளப்பது.

முதல் மாதிரிக்கு லித்தியம் இரும்பு ஆர்சனைடைத்தான் பரிந்துரைப்பேன். சுமார் 17 கெல்வினில் மீக்கடத்தியாகும். இரண்டு லித்தியம் அடுக்குகளுக்கு நடுவே சுத்தமாகப் பிளவதால், மேற்பரப்பில் தெரிவதும் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றே. காற்று பட்டால் கெட்டுவிடும்; ஆர்சனிக் வேறு இருக்கிறது. ஆகவே ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள்தான் கையாள வேண்டும்.

படிகத்தின் தலையில் ஒரு சிறு கம்பியை எபாக்சியால் ஒட்டுங்கள். எஸ்.டி.எம். கருவியின் (கூரிய ஊசியால் மேற்பரப்பை ஆராயும் டன்னலிங் நுண்ணோக்கி) அதிவெற்றிடத்துக்குள் நன்றாகக் குளிர்ந்தபின் அந்தக் கம்பியைத் தட்டிவிட்டால், மேலடுக்கு பெயர்ந்து புது முகம் வெளிப்படும். ஊசியைத் தனியே சோதியுங்கள்: தங்கத்தின் மேல் எடுக்கும் நிறமாலை பூஜ்ஜிய மின்னழுத்தத்தை ஒட்டித் தட்டையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியின் குணத்தை மாதிரியின் குணமாக எண்ணிவிடுவோம்.

அப்புறம் குறைபாடுகள் இல்லாத இடமாகத் தேடி, 20 மில்லிவோல்ட், 100 பிகோஆம்பியர் அளவில் ஊசியை நிறுத்துங்கள். ஊசியின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் ஃபீட்பேக்கை அணைத்துவிட்டு மின்னழுத்தத்தை +20-இலிருந்து −20 வரை மெல்ல நகர்த்துங்கள். அணைக்க மறந்தால், மின்னோட்டத்தை மாறாமல் வைக்க ஊசி மேலும் கீழும் நகர்ந்து அளவீட்டையே கெடுத்துவிடும். கூடவே லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) மூலம் 0.2 மில்லிவோல்ட் போல ஒரு சிறு அலையைச் சேர்த்தால், மின்னழுத்தத்தோடு மின்னோட்டம் மாறும் வீதம் நேரடியாகக் கிடைக்கும்; அதன் வளைகோடுதான் நிறமாலை. அலையின் அதிர்வெண் மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸின் மடங்காக இருக்கக் கூடாது.

வெப்பநிலைதான் இங்கே எல்லாம். வெப்பத்தால் நிறமாலையில் வரும் மங்கல் ஏறக்குறைய 3.5 கேடி (போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை). 4.2 கெல்வினில் அது 1.3 மில்லி எலக்ட்ரான் வோல்ட், 0.3 கெல்வினில் 0.1-க்கும் கீழே. இந்தப் பொருளில் ஒன்றல்ல, இரண்டு இடைவெளிகள்: பெரியது 5 முதல் 6, சிறியது 2.5 முதல் 3 மில்லி எலக்ட்ரான் வோல்ட். 4.2 கெல்வினில் சிறியது வெறும் தோள்மேடாக மங்கிவிடும். அதைப் பார்க்க ஹீலியம்-3 குளிர்விப்பான் வேண்டும்.

வளைகோட்டில் பூஜ்ஜியத்தின் இருபுறமும் மேடு தெரிந்ததா? அது இடைவெளிதான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஊசியின் தூரத்தை மாற்றி மறுபடி எடுங்கள். மேடுகள் இடம் மாறக் கூடாது. வெவ்வேறு தூரத்தில் எடுத்த மின்னோட்டக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே உண்மையான பூஜ்ஜிய மின்னழுத்தம். கருவி காட்டும் பூஜ்ஜியம் சற்றுத் தள்ளியிருக்கலாம். பிறகு வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போங்கள். 17 கெல்வினை ஒட்டி இடைவெளி மூடிவிட வேண்டும். மூடாமல் நின்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. பேரியம் இரும்பு ஆர்சனைடு போன்றவற்றில் காந்த ஒழுங்கும் வளைகோட்டில் இப்படிப் பள்ளம் பறிக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். மீக்கடத்தியின் நிறமாலையை விவரிக்கும் டைன்ஸ் சூத்திரத்தை இரண்டு இடைவெளிகளோடு பொருத்தி, ஒவ்வொன்றின் இருமடங்கையும் மாறுநிலை வெப்பநிலைக்குரிய (மீக்கடத்தியாகும் 17 கெல்வின்) கேடி ஆற்றலால் வகுங்கள். எலக்ட்ரான் ஜோடிகளை விளக்கும் எளிய பி.சி.எஸ். கோட்பாடு சொல்வது 3.53. சிறிய இடைவெளி அதை ஒட்டி நிற்கும். பெரியதற்கு 7, 8 என வரும். அந்த வலுவான பிணைப்புதான் இந்தப் பொருளில் ஆராய வேண்டிய விஷயம். ஆனால் இரண்டு இடைவெளிகளின் குறிகள் (கூட்டல், கழித்தல்) எதிரெதிரா என்பதை இந்த ஒற்றை வளைகோடு சொல்லாது. அதற்குக் குறைபாடுகளைச் சுற்றி எழும் எலக்ட்ரான் அலைகளைப் புள்ளி புள்ளியாகப் படமெடுக்க வேண்டும்.