கிட்: ஆட் ஏன், கமிட் ஏன்?

கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமித்துவைக்கும் கருவி கிட். அதைப் பழகுபவர்கள் அதிகம் தடுமாறுவது, சேமிக்க வேண்டிய மாற்றங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆட், அவற்றை வரலாற்றில் பதியும் கமிட் என்ற இரண்டு படிகளில்தான். அதனால் இந்தப் பாடத்தில் அங்கேயே அதிக நேரம் நிற்கப்போகிறோம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

1. பெயரைப் பதியுங்கள்

கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம் "உங்கள் பெயர்"
கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.ஈமெயில் "உங்கள் மின்னஞ்சல்"

ஒரு கணினியில் ஒருமுறை செய்தால் போதும். இதை விட்டுவிட்டால் முதல் கமிட்டின்போது, நீங்கள் யார் என்று கேட்டு கிட் நின்றுவிடலாம்.

2. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய்:

கிட் இனிட்

உள்ளே .கிட் என்ற மறைவான ஃபோல்டர் உருவாகும். வரலாறு முழுவதும் அதில்தான் இருக்கும். அதை அழித்தால் வரலாறு போய்விடும், நிரல் மட்டும் மிஞ்சும். டெஸ்க்டாப்பில் நின்றுகொண்டு இனிட் அடித்துவிடாதீர்கள். அங்குள்ள எல்லாக் கோப்புகளும் கிட் ஸ்டேட்டஸில் (எந்தக் கோப்பு என்ன நிலையில் இருக்கிறது என்று காட்டும் கட்டளை) வந்து நிற்கும்.

3. வேண்டாதவற்றை முதலிலேயே ஒதுக்குங்கள்

.கிட்இக்னோர் என்ற கோப்பைத் திறந்து, வரிக்கு ஒன்றாக .என்வ் (பாஸ்வேர்டு போன்ற ரகசியங்கள் இருக்கும் கோப்பு), நோட்_மாட்யூல்ஸ்/ (இறக்கி நிறுவிய லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டர்) போன்றவற்றை எழுதுங்கள். இதை முதல் ஆடுக்கு முன்பே செய்ய வேண்டும். ஒரு கோப்பை கிட் கண்காணிக்கத் தொடங்கிய பிறகு, இக்னோரில் அதன் பெயரை எழுதிப் பயனில்லை. கிட் ஆர்எம் --கேஷ்டு கொடுத்து வெளியே எடுக்க வேண்டும். அப்போதும் பழைய கமிட்டுகளில் அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டு அப்படி மாட்டிக்கொண்டு கிட்ஹப் (கிட் ப்ராஜெக்ட்டுகளை இணையத்தில் வைக்கும் தளம்) வரை போயிருந்தால், வேறெதையும் செய்வதற்கு முன் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

4. ஆட்

கிட் ஆட் பில்.பை

இந்த நொடியில் கோப்பு எப்படி இருக்கிறதோ, அதை கிட் பிரதி எடுத்து ஸ்டேஜிங்கில் (அடுத்த கமிட்டுக்குள் போகவேண்டியவை காத்திருக்கும் இடம்) வைக்கிறது. பெயரை மட்டும் குறித்துக்கொள்கிறது என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும்: பில்.பை-யில் வரி விகிதம் 12 என்று எழுதி ஆட் செய்கிறீர்கள். பிறகு 18 என்று திருத்திச் சேமித்து, கமிட் செய்கிறீர்கள். கமிட்டில் போயிருப்பது 12.

கமிட்டுக்கு முன் கிட் ஸ்டேட்டஸ் அடித்திருந்தால் தெரிந்திருக்கும். பில்.பை இரண்டு இடத்தில் வரும்: பச்சையில் ஸ்டேஜ் ஆனது, சிவப்பில் ஆகாதது. மறுபடி ஆட் செய்தால் சரியாகிவிடும். கிட் டிஃப் சிவப்பில் உள்ள மாற்றத்தை மட்டும் காட்டும். கமிட்டுக்குள் என்ன போகப்போகிறது என்று பார்க்க கிட் டிஃப் --ஸ்டேஜ்டு வேண்டும்.

இந்த இடைப்படிதான் கிட்டின் பலம். ஐந்து கோப்புகளைத் திருத்தியிருந்தாலும், ஒரே வேலைக்கான இரண்டை மட்டும் ஆட் செய்து தனிக் கமிட் ஆக்கலாம். கிட் ஆட் புள்ளி என்று எல்லாவற்றையும் வாரிப் போடும் பழக்கம் வேண்டாம்.

5. கமிட்

கிட் கமிட் -எம் "வரி விகிதம் 18 ஆக மாற்றம்"

-எம் மறந்தால் பல கணினிகளில் விம் என்ற எடிட்டர் திறக்கும். எஸ்கேப் அழுத்தி, :க்யூ! அடித்து என்டர் தட்டுங்கள். செய்தி காலியாக இருப்பதால் கமிட் ரத்தாகும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. "அப்டேட்" என்று மட்டும் செய்தி எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்து லாகை (கமிட்டுகளின் பட்டியலை) பார்க்கும்போது அது எதையும் சொல்லாது.

6. பின்வாங்குவது

கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு பில்.பை: ஸ்டேஜிங்கிலிருந்து மட்டும் எடுக்கும், நீங்கள் எழுதியது பத்திரமாக இருக்கும். முதல் கமிட்டே ஆகவில்லை என்றால் இது பிழை தரும். அப்போது கிட் ஆர்எம் --கேஷ்டு பயன்படுத்துங்கள்.

கிட் ரீஸ்டோர் பில்.பை: ஆட் செய்யாத மாற்றங்களை அழித்துவிடும். அவற்றை கிட் எங்கும் சேமித்திருக்காது என்பதால் கிட் மூலம் மீட்க முடியாது. அடிக்கும் முன் கிட் டிஃப் பாருங்கள்.

ரீஸ்டோர் 2019-இல் வந்த 2.23 பதிப்பிலிருந்துதான் உண்டு. பழைய பாடங்களில் ஸ்டேஜிங்கிலிருந்து எடுக்க ரீசெட் என்றும், மாற்றங்களை அழிக்க செக்அவுட் என்றும் இருக்கும்.